கண் வைக்காத புலிகளும் வால் போன பறவையும்

சின்னம் வரைகிறவன் அதன் கீழே தன் பெயரைப் போட முடியாது. சரியாக வந்தால் அது அரசாங்கத்துடையது, தப்பாக வந்தால் மட்டும் அது அவனுடையது. என் தலையில் முதல் தப்பைக் கட்டியவர் தோட்டத்து ஆபீஸ் கணக்கர் சபாரத்தினம் கிராணி. பெயரை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் செய்ததை நான் மறந்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்தைவிட உருவம் எனக்குச் சீக்கிரம் வந்தது. முதலில் தோட்டத்துக் கோயில் சுவர்களில் சாமி வரைந்தேன். பிறகு ரந்தாவ், லுக்குட் வட்டாரத்தில் பள்ளிக்கூடம், மண்டபம், சாப்பாட்டுக் கடை என்று எங்கே பலகை வேண்டுமோ அங்கே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். நாட்டுச் சின்னம், மாநிலச் சின்னம், ஒரு தடவை கடல் தாண்டி இருக்கிற தீவின் சின்னம்கூட வரைந்தேன். ஏணியில் நின்று பிழைத்தவர்களுக்குத் தெரியும், கீழே நிற்கிற ஒவ்வொருவனும் நம்மைவிட நன்றாக வரையத் தெரிந்தவன். உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். உங்களுக்கும் கீழே ஒருவன் கழுத்தை அண்ணாந்து நின்றிருப்பான். அந்தத் தைரியத்தில்தான் என் மானக்கேட்டை உங்களிடம் சொல்கிறேன்.

சனிக்கிழமை ராகுகாலம்

ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அரசாங்க உதவியோடு புது மண்டபம் கட்டினார்கள். அதன் முகப்புக்கு நாட்டுச் சின்னம் பெரிதாக வேண்டும். ஆபீஸ் கணக்குவழக்கும் விழா ஏற்பாடும் எல்லாம் சபாரத்தினம் கிராணி கையில். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, வாயில் இங்கிலீஷ். நான் நாலு நாள் ஏணியில் நின்று வரைந்தேன். கேடயம், பிறை, நட்சத்திரம், இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கிற இரண்டு புலிகள். புலியின் மீசை முடியைக்கூட ஒவ்வொன்றாக இழுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண் வைக்கக் கறுப்பைத் தொட்டபோது கிராணி கீழே வந்து நின்றார். "கண்ணை இப்ப வையாதையும். உயிருள்ள உருவம். நாளைக்குப் பத்தரைக்கு ராகுகாலம் முடியும், அதுக்குப் பிறகு திறவும். பெரிய ஆக்கள் பதினொரு மணிக்குத்தான் வருவினம்" என்றார்.

கோயிலில் சாமிக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம், அதுவும் நேரம் பார்த்துத்தான். பழகின கை அது. அரசாங்கத்துப் புலிக்கும் அது பொருந்தும் என்றே எனக்குப் பட்டது. பிரஷைக் கழுவி வைத்துவிட்டேன். மறுநாள் கறுப்பைத் தொட்டு வைத்துக்கொண்டு பத்தரைக்காகக் காத்து நிற்கும்போது, ஒன்பதே முக்காலுக்கே மூன்று கார்கள் வந்து நின்றன. வந்த அதிகாரிக்கு வேறு இடத்தில் வேறு விழாவாம். கைதட்டிக்கொண்டே சின்னத்தை மூடியிருந்த துணியை இழுத்தார்கள். இரண்டு புலிகளும் முகத்தில் இரண்டு இரண்டு வெள்ளை ஓட்டையோடு கூட்டத்தைப் பார்த்தன. கைதட்டல் பாதியில் நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி திரும்பி மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் கிராணியைப் பார்த்தார்.

கிராணி என்னைப் பார்க்கவே இல்லை. என் வலது கையில் கறுப்புத் தொட்ட பிரஷ் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டியிருந்தாலே போதும், வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தாலே போதும். நான் பிரஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் வெட்கப்பட்டாரா என்று தெரியாது. மலாயில், 'துவான்' என்று மரியாதை வைத்து, கொஞ்சமும் குரல் நடுங்காமல், அதிகாரியிடம் அவர் சொன்னது இதுதான்: "பெயிண்டர் மறந்துட்டான், துவான்."

பெயிண்ட் கடை

அன்றிலிருந்து ரந்தாவில் என் பெயர் மாரிமுத்து இல்லை, குருட்டுப் புலி. அந்தத் தோட்டத்து வேலை அத்தனையும் போயிற்று. பக்கத்துத் தோட்டங்களிலும் யோசித்தார்கள். அரசாங்கச் சின்னத்தைக் கெடுத்தவனைப் போலீஸ் தேடுவதாகக்கூட கூலியாட்களை மேய்க்கிற ஒரு மண்டோர் கிளப்பிவிட்டான். எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. 'நான்தான் கண்ணை விடச் சொன்னேன்' என்று கிராணி நாலு பேர் கேட்க ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கோயில் திருவிழாவில் நேருக்கு நேர் வந்தால் அவர் விபூதித் தட்டைப் பார்ப்பார். நான் என் செருப்பைப் பார்ப்பேன். அதற்குள் கதை லுக்குட் வரைக்கும் போய்விட்டது. அங்கே பெயிண்ட் கடை முதலாளியான சீனத் தவுக்கே, நான் வாங்கின டின்களைப் பையில் போட்டுக்கொண்டே, கடை நிறைய ஆள் இருக்கும்போது மலாயில் கேட்டார்: "கண்ணுக்குக் கறுப்பு எடுத்துக்கிட்டியா லா?"

ஹாஜியின் நெல்

நம் மாநிலச் சின்னத்தில் நெற்கதிர் ஒன்பது உண்டு. ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்தில், ஊர் மண்டபத்துக்கு அதை வரையக் கூப்பிட்டார்கள். இந்த முறை தப்பு வரவே கூடாது என்று கதிரை மூன்று தடவை எண்ணினேன். என் பெண்டாட்டியின் தம்பி குணா ஏணி பிடிக்க வந்திருந்தான். அவனையும் எண்ணச் சொன்னேன். ஒன்பது சரியாக இருந்தது. கேடயத்தின் சிவப்பும் கறுப்பும் மஞ்சளும் கண்ணைப் பறித்தன. நல்ல கூலி, நல்ல மரியாதை, நடுவில் வாழைப்பழப் பலகாரம் வேறு.

ஊர்த் தலைவர் ஹாஜி வந்தார். அறுபது வருஷம் சேற்றில் இறங்கின மனுஷன். கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில், வாழ்வது செம்பனைக்கு நடுவில். நெல்லை அரிசியாகத்தான் பார்த்திருக்கிறேன். கை எதை அறியுமோ அதைத்தானே வரையும்? என் அம்மா நாள்கூலிக்குப் பிடுங்கின புல்தான் என் கைக்குத் தெரியும். நிமிர்ந்து விறைத்து, நுனியில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூத்து நிற்கும் லாலான் புல். ஒன்பது லாலான்களைத் தங்க நிறத்தில் வரைந்து வைத்திருந்தேன். ஹாஜி கோபப்படவே இல்லை, அதுதான் வேதனை. என் தோளில் கை வைத்து, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "தம்பி, இதை நாங்க வயல்ல பாத்தா பிடுங்கிப் போட்டுடுவோம்."

காதர் பாயின் பறவை

லுக்குட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் இருபது வயதில் கிறிஸ்மஸ் தீவுக்குப் போனவர். ஜாவாவுக்குத் தெற்கே, நடுக்கடலில் கிடக்கிற சின்னத் தீவு. அங்கே பாஸ்பேட் தோண்டுகிற ஆட்களுக்குச் சமைத்துப் போட்டார். சிங்கப்பூரிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் அப்படிப் போனவர்கள் பலர். திரும்பி வந்து கடை போட்டு, மகன்கள் தலையெடுத்த பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. கடைப் பலகையில் அந்தத் தீவின் சின்னம் வேண்டும். போனில் படம் எடுத்துக் காட்டினார். தங்க நிறத்தில் ஒரு பறவை, பின்னால் நீளமாக ஒரு வால், பக்கத்தில் வட்டத்துக்குள் தீவின் வரைபடம். "பாத்து செய் மாரி. கண்ணு வச்சிருவேல்ல?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

கண் வைத்தேன். உலகத்தில் எந்தப் பறவைக்கும் யாரும் வைத்திராத கண். அதிலேயே அரை நாள் போயிற்று. அந்தக் கண்ணைப் பெரிதாக வைக்கத் தலையைப் பெரிதாக வரைந்தேன், தலைக்கு ஏற்றபடி உடம்பைப் பெரிதாக வரைந்தேன். கடைசியில் தகரத்தில் வாலுக்கு இடமில்லை. நாலு விரல்கடை நீளத்தில் கோழி வால் மாதிரி முடித்துவிட்டேன். வால்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்? காதர் பாய் பலகையின் கீழே வந்து நின்று அந்த வாலையே அண்ணாந்து பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். தகரம் வெட்டினவன் அளவைக் குறைத்துவிட்டான் என்றேன். அளவு கொடுத்தவனே நான்தான். பாய் அந்தப் பொய்யைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

அவர் கண் கலங்கியிருந்தது. கல்லாவில் இருந்த மகன் எழுந்து வந்துவிட்டான். "கப்பல்ல நாள் கணக்கா தண்ணியையே பாத்துக்கிட்டுப் போறப்போ, தலைக்கு மேல அந்த வால் தெரிஞ்சாத்தான் எங்களுக்கு உசுரே வரும். கரை கிட்ட வந்துருச்சுன்னு அர்த்தம். நீ என் கரையை வெட்டிப் போட்டுட்டியேப்பா."

மழையில் இறங்கின மஞ்சள்

இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கூச்சம். ரந்தாவிலிருந்து சிரம்பான் போகிற ரோட்டோரம் ஒரு தமிழ்ப்பள்ளி. வெளிச்சுவரில் மாநிலச் சின்னம். கோயில் உள்சுவருக்கு வாங்கி மிஞ்சின மஞ்சள் என்னிடம் அரை வாளி கிடந்தது. வெயிலும் மழையும் அடிக்கிற சுவருக்கு அது நிற்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். குணா வாளியைப் பார்த்ததுமே, "மச்சான், இது உள்ளுக்கு அடிக்கிறது" என்றான். "நீ ஏணியைப் பிடி" என்றேன். இரண்டாவது மழையில் மஞ்சள் இறங்கி, நெற்கதிர் (இந்தத் தடவை நிஜக் கதிர்) எல்லாம் கோடு கோடாக ஒழுகிப்போய், சுவரே யாரோ மஞ்சள் தண்ணி ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் பள்ளிக்கு மேலதிகாரி வருகிறாராம். தலைமையாசிரியை எங்களை வரச் சொல்லி, ஆசிரியர்கள் எல்லாரும் நிற்கும்போது கேட்டார்: "இது யார் செஞ்ச வேலை?"

என் வாய் தானாகவே சொன்னது: "என் மச்சான் கலந்தான், டீச்சர்." சொன்ன பிறகுதான் குரல் யாருடையது என்று எனக்குப் புரிந்தது. நடுக்கமே இல்லாத குரல். குணா ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு போய் வெயிலில் இரண்டு மணி நேரம் சுவரைத் துடைத்தான். ஆசிரியர்கள் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நான் கீழே நின்று பார்த்தேன். ஆமாம், கீழேதான்.

திரும்பும்போது வேனில் அவனிடம் சொல்லிவிட்டேன். தப்பு என்னுதுதான்டா, வாய் தவறிவிட்டது, மனசில் வச்சுக்காதே என்று நாலு விதமாகச் சொன்னேன். அவன் கியரை மாற்றினான், கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்த்தான், அப்புறம் சொன்னான்: "அது எனக்குத் தெரியும் மச்சான். டீச்சருக்குத்தான் தெரியாது."

ராசா வீட்டில் தேநீர்

சபாரத்தினம் கிராணி ஓய்வு பெற்று, சிரம்பானை ஒட்டின ராசா என்கிற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். கொஞ்ச நாளைக்கு முன் அவருக்கு மாநில விருது ஒன்று கிடைத்தது. மெடலை மாட்டி வைக்கிற இடத்துக்கு மேலே, மரப்பலகையில் மாநிலச் சின்னத்தைக் கையால் வரைந்து வைக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. அந்த அம்மா கணக்காய்வாளர். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அது யார் வீடு என்று. ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். நெல் என்றால் நெல், மஞ்சள் என்றால் மஞ்சள். வாழ்க்கையில் ஒரு தப்பும் இல்லாமல் நான் வரைந்த சின்னம் அது ஒன்றுதான், அதுவும் அவர் சுவருக்கு. குணா வேனை வாசலில் நிறுத்தினான். "இன்னைக்குக் கேட்டுடுங்க மச்சான்" என்றான். எனக்கும் அதுதான் எண்ணம். இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது.

ஹாலில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார், விபூதி மட்டும் அதே அகலம். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "வாரும் மாரிமுத்து, இரும்" என்றார். பலகையை நிமிர்த்தி வைத்தேன். நல்லா வந்திருக்கு என்றார். நான் நின்றுகொண்டே கேட்டேன். "ஐயா, அந்த மண்டபத் திறப்பு விழா ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லை? நான்தானே உம்மைக் கண்ணை விடச் சொன்னன். ராகுகாலம் எண்டு."

இருபத்தெட்டு வருஷமாக நான் கேட்க நினைத்த வாக்கியம், அப்படியே, ஓர் எழுத்துக் குறையாமல் வந்து விழுந்தது. ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா."

"துவானுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? மூண்டு பிள்ளையள் படிச்சுக்கொண்டிருந்ததுகள். என்ட வேலை போயிருக்கும். உமக்கென்ன, கையில பிரஷ் இருந்தது."

"இப்ப சொல்லலாம்தானே? உங்க வீட்டு ஆளுங்ககிட்ட மட்டுமாவது..."

அவர் பதில் சொல்வதற்குள் மகள் தேநீரும் கேக்கும் எடுத்து வந்துவிட்டார். பின்னாலேயே மருமகனும் பேரப்பிள்ளைகளும் பலகையைப் பார்க்க வந்தார்கள். நாலு பேர் என்ன, ஆறு பேர் இருந்தார்கள். நான் கிராணியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அன்பாகவே பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மகளிடம் சொன்னார்: "பிள்ளை, நான் சொல்லுவன் எல்லோ, புலிக்குக் கண் வைக்க மறந்த பெயிண்டர் எண்டு? அது இவர்தான்."

வீடே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பேரன் ஓடி வந்து என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டான். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தத் துணி இழுபட்ட நேரத்தில் புலி எப்படி முழித்தது என்று முகத்தை வைத்து நடித்தும் காட்டினேன். இரண்டாவது துண்டு கேக்கையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அங்கிள், அது நீங்கதானா! அப்பா அந்தக் கதையைச் சொல்லாத தீபாவளியே இல்ல."

வெளியே வந்து வேனில் ஏறினேன். குணா சாவியைத் திருப்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொன்னாரா மச்சான்?"

"சொன்னாருடா. நான்தான் கண்ணை விடச் சொன்னேன்னு அவர் வாயாலேயே சொன்னாரு."

அவன் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கேட்டான்: "யார் கேட்டா?"

ஆக, சபாரத்தினம் கிராணி நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டியது எனக்கு இன்னும் பாக்கிதான். அதை வாங்க மறுபடியும் ராசாவுக்குக் கிளம்பலாம் என்றால், வழியில் குணா சுவர் துடைத்த அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.